செத்த காலேஜும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு விட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு பக்கம் வரும். இந்த வருடமும் வந்தது. தீம் பார்க், மால், ஈசிஆரில் போட்டிங், நீச்சல் குளம் வைத்த ரிசார்ட் என்று எல்லாம் இருந்தது, மியூசியம் ஒன்றுகூட இல்லை. அதில் போட்டிருந்த இடம் ஒவ்வொன்றும் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஊரையே கடந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டிய இடம். நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்து, அங்கேயே சாப்பிட்டு, வண்டி பிடித்து வீடு திரும்பினால் மாத மளிகையில் பாதி போய்விடும். நான் இரண்டு வருடமாகப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு மியூசியம் மியூசியமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, வெட்டாமல் போட்டால் சந்தோஷம்.

எங்கள் ஆயா எழும்பூர் மியூசியத்தை "செத்த காலேஜ்" என்றுதான் சொல்வார். மூர் மார்க்கெட் பக்கம் அப்போது இருந்த மிருகக்காட்சி சாலை "உயிர் காலேஜ்". வடசென்னையில் அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு பெயரும் தெரியும். பாடம் செய்த மிருகமும் எலும்புக்கூடும் இருக்கிற இடம் செத்த காலேஜ், உயிரோடு கூண்டில் இருக்கிற இடம் உயிர் காலேஜ். காலேஜ் என்று ஏன் வந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. 1851-ல் மியூசியத்தை ஆரம்பித்தபோது அது இப்போதைய காலேஜ் ரோடில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் காலேஜ் கட்டடத்தில்தான் இருந்ததாம். மூன்று வருடம் கழித்துத்தான் பாந்தியன் சாலைக்கு வந்திருக்கிறது. மிருகக்காட்சி சாலையும் அந்த மியூசியத் தோட்டத்தில் பிறந்து அப்புறம் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனதுதான், கடைசியாக 1985-ல் வண்டலூர். கட்டடம் மாறியும் ஜனங்கள் பெயரை விடவில்லை. ஆயா காலத்தில் காணும் பொங்கல் என்றால் புளிசோறு கட்டிக்கொண்டு, தெருவே சேர்ந்து கிளம்பி, உயிர் காலேஜ், செத்த காலேஜ் இரண்டையும் பார்த்துவிட்டு பீச்சுக்குப் போவார்களாம். படிக்கத் தெரியாத ஜனங்கள் அவர்கள். மியூசியம் தங்களுக்கான இடமா இல்லையா என்று ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். நடுவில் என்ன ஆனது என்று தெரியவில்லை, இன்று எங்கள் தெருவில் மியூசியம் போகிறேன் என்று சொன்னால் "பிள்ளைக்கு ஸ்கூல் ப்ராஜெக்டா?" என்று கேட்கிறார்கள்.

ப்ராஜெக்டுக்குப் போவதும் ஸ்கூலில் கூட்டிப் போவதும் வேறு, குடும்பமாகப் போவது வேறு. எட்டாவது படிக்கும்போது என்னையும் ஸ்கூலில் கூட்டிப் போனார்கள். இருநூறு பிள்ளைகள், இரண்டு இரண்டு பேராகக் கை கோத்து வரிசை, வாயில் விரல். ஒரு வாசல் வழியாக உள்ளே விட்டு இன்னொரு வாசல் வழியாக வெளியே எடுத்தார்கள். திமிங்கல எலும்புக்கூடு ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது, அதுகூட மேலே பெரிதாக இருந்ததால். அப்புறம் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்று, பெரியவள் எட்டாவது வந்த வருடம்தான் மறுபடி உள்ளே போனேன். மெட்ரோவும் ஒரு காரணம். 2019-ல் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்த பிறகு எழும்பூர் நமக்குப் பக்கம்தான், சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். அங்கிருந்து ஆட்டோ, இல்லை வெயில் இல்லாத நேரமாக இருந்தால் நடை. என் அம்மாவுக்கு முட்டி வலி, அவரே வந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைக் கூட்டிப் போனது வீட்டில் தனியாக விட முடியாது என்பதற்காகத்தான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டியது அம்மாதான். பழைய கற்காலக் கருவிகள் வைத்திருக்கும் இடத்தில் சின்னவன், அவனுக்கு அப்போது ஒன்பது வயது, "இது வெறும் கல்லுதானே, இதை ஏன் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். எனக்கும் பதில் தெரியாது. அட்டையில் "கைக்கோடரி" என்று மட்டும் இருந்தது. மாங்கொட்டை மாதிரி இருக்கும், ஒரு பக்கம் குவிந்து, ஒரு பக்கம் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி பருத்து. அம்மா கண்ணாடியில் மூக்கு படுகிற அளவு குனிந்து பார்த்துவிட்டு, "இது தானா உடைஞ்ச கல்லு இல்லடா, கொத்தினது. பாரு, இந்தப் பக்கம் ஒரு அடி, திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் ஒரு அடி. அடிச்ச எடத்துல சிப்பி மாதிரி குழிஞ்சிருக்கு பாரு" என்றார். அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அந்த வேலையை வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்த்தவர் அம்மா. உளி எந்தக் கோணத்தில் விழுந்தால் கல் எப்படிப் பெயரும் என்று அவருக்குத் தெரியும். விளிம்பு முழுக்க அந்தச் சிப்பிக் குழிகளை விரலால் கண்ணாடி மேல் எண்ணிக்கொண்டே போனார், சின்னவனும் கூட எண்ணினான். அதுவரை வெறும் கல்லாக இருந்தது அவனுக்கு அந்த நேரத்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்து செய்த சாமானாகிவிட்டது. அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பெரியவளும் நானும் அதைப் பற்றித் தேடிப் படித்தோம். இந்தியாவில் இந்த மாதிரிக் கற்கால ஆயுதத்தை முதலில் அடையாளம் கண்டது நம்ம பல்லாவரத்தில், 1863 மே 30. கண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல்காரர், அரசாங்க வேலையாக வந்தவர். அதே வருடம் அவரும் வில்லியம் கிங் என்பவரும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் நிறையக் கண்டுபிடித்தார்கள். ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்களை 1904-ல் எழும்பூர் மியூசியமே வாங்கிக்கொண்டது. அத்திரம்பாக்கத்தில் அப்புறம் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் பல வருடம் தோண்டி, அங்கே கருவி செய்தவர்கள் இருந்தது சுமார் 15 லட்சம் வருடத்துக்கு முன்பு என்று 2011-ல் சொன்னார்கள். 15 லட்சம்! அந்த இடம் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிறது. கொசஸ்தலை என்றால் எங்களுக்குத் தெரியாதா? எங்கள் எண்ணூரில் வந்து கடலில் சேர்கிற ஆறு. பூண்டி ஏரி அதே ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டியதுதான், அந்தத் தண்ணீரைத்தான் சென்னை குடிக்கிறது. என் வீட்டுக்காரர் எண்ணூர்க்காரர், சின்ன வயதில் அந்தக் கழிமுகத்தில் இறால் தடவிப் பிடித்தவர். பிள்ளைகளிடம், "அந்தக் கல்லு செஞ்ச ஆளு குடிச்சதும் நம்ம ஆத்துத் தண்ணிதான்" என்று அன்று ராத்திரி பத்து தடவையாவது சொல்லியிருப்பார். வடசென்னை என்றாலே சாம்பல், எண்ணெய்க் கசிவு, சினிமாவில் கத்தி என்று கேட்டுக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள். தங்கள் ஆற்றைப் பற்றி அவர்கள் கேட்ட முதல் பெருமையான செய்தி இது.

அன்றைக்கு நாங்கள் பார்த்தது அந்தக் கற்களையும், வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்தில் கொஞ்சத்தையும்தான். வேண்டுமென்றே அத்தோடு நிறுத்தவில்லை, அம்மாவுக்குக் கால் வலித்தது, திரும்பிவிட்டோம். ஆனால் அதுதான் சரியான முறை என்று அப்புறம் புரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு கூடம் போதும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினால் மூன்றாவது கூடத்தில் அழுகை, நான்காவது கூடத்தில் அடி, வீட்டுக்கு வந்ததும் இனிமேல் மியூசியம் வேண்டாம் என்று முடிவு. இதை நான் நிறையக் குடும்பங்களில் பார்த்துவிட்டேன். எழும்பூரில் ஆறு ஏழு தடவை போயும் நாங்கள் இன்னும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை. ஆதிச்சநல்லூர் தாழிகளுக்கு என்று ஒரு நாள், அமராவதிச் சிற்பங்களுக்கு என்று ஒரு நாள். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் மட்டும் அம்மா அரை மணி நேரம் நின்றார். அரக்கோணம் ரயிலில் போய்த் திருவாலங்காட்டுக் கோயிலை எத்தனையோ முறை கும்பிட்டவர், அந்த ஊர் நடராஜர் இங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் கிட்டப் போனார். பக்கத்தில் நின்ற காவலாளி அம்மா ஒருவர், "நெறைய பேரு கும்பிடுவாங்க, நீங்க நின்னு பாருங்கம்மா" என்றார். அந்த அம்மாவை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

பெரியவர்களைக் கூட்டிப் போங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். என் மாமனார் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற கேரியேஜ் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார், பேப்பர், டிவி, தூக்கம், அவ்வளவுதான். அவரை ஐசிஎஃப் பக்கத்தில் நியூ ஆவடி ரோடில் இருக்கும் ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப் போனோம். 2002-ல் திறந்தது, ஆனால் பெரம்பூர், வியாசர்பாடி ஆட்களே பாதிப் பேர் உள்ளே போயிருக்க மாட்டார்கள். பழைய இன்ஜின்களும் பெட்டிகளும் வெளியே மரத்தடியில் நிற்கின்றன, பிள்ளைகளுக்குச் சின்ன ரயில் ஓடுகிறது, ஓடியாட இடம் இருக்கிறது. மாமா நேராக ஒரு பழைய பெட்டிக்குக் கீழே குனிந்து சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பேரனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வண்டி வந்து நின்றதும் நீளக் கைப்பிடி சுத்தியலோடு ஓடி ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவதைச் சொன்னார். நல்ல சக்கரம் என்றால் "டங்ங்..." என்று மணி மாதிரி இழுக்கும், விரிசல் விட்டிருந்தால் "டொக்" என்று செத்த சத்தம். ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், காதை மட்டும் நம்பி செய்கிற வேலை. "ஒரு தடவ டொக்குன்னு கேட்டு நான் சொல்லி, டிஎக்ஸ்ஆர் வந்து பாத்து, அந்தப் பெட்டியையே கழட்டிட்டுத்தான் வண்டியை விட்டாங்க" என்றார். டிஎக்ஸ்ஆர் என்றால் வண்டியைப் பரிசோதிக்கிற அதிகாரி. இருபது வருடமாக அந்த வீட்டில் மருமகளாக இருக்கிறேன், இந்தக் கதையை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். என் வீட்டுக்காரரும் அன்றுதான் கேட்டார். பெட்டியோடு பெட்டியை இணைக்க நடுவே தொங்குகிற ஸ்க்ரூ கப்ளிங்கை எப்படி மாட்டுவது, மாட்டும்போது தலையை எங்கே வைக்கக் கூடாது என்று அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எங்களைச் சுற்றி ஒரு பதினைந்து பேர் கூடிவிட்டார்கள், யாரோ ஒரு பையன் போனில் வீடியோ எடுத்தான். அன்று ராத்திரி மாமா டிவி போடவில்லை.

அடுத்து செயின்ட் ஜார்ஜ் கோட்டை. ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போகலாம். வாசலில் போலீஸ் சோதனை இருக்கும், கையில் அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள், பையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோட்டை அருங்காட்சியகம் தொல்லியல் துறையினுடையது, கட்டடம் 1795-ல் முடித்தது, வியாபாரிகள் கூடுகிற எக்ஸ்சேஞ்சாக இருந்ததாம். மெட்ராஸின் முதல் கலங்கரை விளக்கம் அதன் மொட்டை மாடியில்தான் இருந்திருக்கிறது. கடலோரத்தில் வளர்ந்த என் வீட்டுக்காரருக்கு அது போதும், அங்கிருந்து நகரவில்லை. உள்ளே கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் சிலை ஒன்று பெரிதாக நிற்கிறது. அதன் பீடத்தில் திப்பு சுல்தானின் பிள்ளைகளை வெள்ளைக்காரர்களிடம் பணயமாக ஒப்படைப்பதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெரியவளுக்கு அது பாடத்தில் வந்திருந்தது, 1792 என்று வருடம் எல்லாம் சொன்னாள், ஆனால் அந்தக் கல்லில் அந்தப் பையன்களின் உயரத்தைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "தம்பி வயசுதாம்மா இருக்கும்" என்றாள்.

மாடியில் கொடி இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் இந்தக் கோட்டைக் கம்பத்தில் ஏற்றிய அதே மூவர்ணக் கொடி. பட்டுத் துணி, 12 அடிக்கு 8 அடி. 2013-லிருந்துதான் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அறை கொஞ்சம் இருட்டாக இருக்கும். சின்னவன் ஏன் லைட்டு போடலை என்று கேட்டான். வெளிச்சம் பட்டால் பட்டு நைந்து நிறம் போய்விடும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், அதனால்தான் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்ச சிலிகா ஜெல் வைத்திருக்கிறார்கள் என்று அங்கிருந்தவர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். "புது ஷூ டப்பாவுல வருமே, அந்தப் பொட்டலமா?" என்றான். அதேதான் என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி சொல்கிறேன்.

திரும்பும்போது ஹைகோர்ட் மதில் சுவரில் முதல் உலகப்போரில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் போட்ட குண்டு விழுந்த இடத்துக் கல்வெட்டைக் காட்டினோம், 1914 செப்டம்பர் 22. "அவன் பெரிய எம்டன்டா" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்கு அன்று தெரிந்தது. சரி, கல்வெட்டு பார்க்க டிக்கெட் வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்திலேயே பழைய ஜெயில் ரோடில் மாடிப் பூங்காவும் இருக்கிறது, ஹைதர் அலி படை வந்து போன பயத்தில் கருப்பர் நகரத்தைச் (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றிக் கட்டின மதிலில் மிஞ்சியது. அந்த மதிலுக்கு வரி போட நினைத்ததால்தான் மதில் ஓரத்து ரோடுக்கு வால்டாக்ஸ் ரோடு என்று பெயர், வால் என்றால் மதில், டாக்ஸ் என்றால் வரி. தினமும் அந்த வழியாக ஸ்கூலுக்குப் போகிற என் பிள்ளைகளுக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸில் 2021-ல் திறந்த போலீஸ் மியூசியமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

போகிறவர்களுக்காக ஒன்று. எழும்பூரும் கோட்டையும் வெள்ளிக்கிழமை லீவு, ரயில் மியூசியம் திங்கட்கிழமை லீவு. நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை எழும்பூர் வரை போய் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் திரும்பலாம். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள், பிடித்த ஒரே ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். போனில் நூறு போட்டோ எடுப்பவன் எதையும் பார்ப்பதில்லை, வரைகிறவன் பார்க்காமல் வரைய முடியாது. சின்னவனின் நோட்டில் இப்போது கைக்கோடரி, இன்ஜின் சக்கரம், கார்ன்வாலிஸின் ஷூ எல்லாம் இருக்கிறது.

இனி மனதில் இருக்கும் குறையையும் எழுதிவிடுகிறேன். நாங்கள் போன இடங்களில் ஒன்றில், எது என்று எழுத விருப்பமில்லை, உள்ளே நுழைந்ததிலிருந்து ஒருவர் எங்கள் பின்னாலேயே "நிக்காதே, போ போ, சத்தம் போடாதே" என்று துரத்திக்கொண்டே வந்தார். பிள்ளைகள் ஓடவில்லை, எதையும் தொடவில்லை, கேள்விதான் கேட்டார்கள். எங்கள் துணியையும் பேச்சையும் பார்த்துத்தான் அப்படி நடந்துகொண்டாரோ என்று என் அம்மா கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. பக்கத்தில் வேறு மாதிரி ஆட்கள் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பெரியவள் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அவளை மறுபடி கிளப்ப எனக்கு மூன்று மாதம் ஆனது. ஒரு ஆள் ஒரு நிமிடத்தில் சொன்ன வார்த்தை இது. மியூசியங்களில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், அந்த நடராஜர் முன்னால் நின்ற அம்மா போல, கொடியைப் பற்றிச் சொன்னவர் போல. எல்லோருக்கும் மேலே இருப்பவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும், கேள்வி கேட்கிற பிள்ளைதான் அந்த இடத்துக்கு வர வேண்டிய பிள்ளை என்று.

அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொதுவாகவே எழுதுகிறேன். எழுத்து சின்னது, பெரியவர்கள் உயரத்தில் இருக்கிறது, தமிழ் இருந்தாலும் அகராதி வைத்துக்கொண்டு படிக்கிற தமிழ். "கைக்கோடரி, குவார்ட்சைட்" என்று போடுவதோடு, "இதை உள்ளங்கையில் பிடித்து மிருகத்தின் தோலை உரித்தார்கள், கிழங்கு தோண்டினார்கள், கல்லை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டிச் செய்தது" என்று ஒன்பது வயதுப் பிள்ளை படிக்கிற தமிழில் நான்கு வரி போட்டால் என்ன? என் அம்மா மாதிரி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் கூட வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டுமாவது ஒவ்வொரு கூடத்திலும் ஒருவர் நின்று வருகிறவர்களுக்குப் பேசிக் காட்டலாம், ரிட்டயர் ஆன வாத்தியார்கள் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள், கூப்பிட்டால் ஓடி வருவார்கள். அப்புறம் உட்கார பெஞ்ச். முட்டி வலிக்காரர்கள் உட்கார இடம் இருந்தால்தான் பிள்ளைகளும் அதிக நேரம் நிற்பார்கள்.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். எழும்பூர் எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே நாங்கள் இல்லை. எங்கள் பகுதியைப் பற்றி எங்கள் பகுதியிலேயே ஒரு மியூசியம் வேண்டும், அதற்கு ராயபுரம் ஸ்டேஷனை விட்டால் வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. இந்தியாவில் மிஞ்சி நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான், அந்தத் தூண்களைப் பார்த்தாலே தெரியும். இன்றும் மின்சார ரயில் நிற்கிறது, ஜனங்கள் ஏறி இறங்குகிறார்கள். முழுக் கட்டடமும் கேட்கவில்லை, ஒரே ஒரு கூடம் கொடுங்கள் என்று ரயில்வேயையும் அரசையும் கேட்கிறேன்.

அதில் வைக்கச் சாமானுக்குப் பஞ்சமில்லை. காசிமேட்டுப் பிள்ளைகள் இன்று ஃபைபர் படகைத்தான் பார்க்கிறார்கள், கட்டைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டின மரக் கட்டுமரத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? வெள்ளைக்காரன் தன் பாஷைக்கு நம்மிடம் எடுத்துக்கொண்டு போன வார்த்தை அது. பெரம்பூர் பி அண்ட் சி மில், நாங்கள் பின்னி மில் என்று சொல்வது, அதன் ஆட்களை வைத்துத்தான் 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பித்தார்கள், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. திரு.வி.க., பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார் எல்லாம் நின்று பேசிய தெருக்களில்தான் நாங்கள் காய்கறி வாங்குகிறோம். 1921-ல் பெரிய வேலைநிறுத்தம், அதைப் பற்றிப் புளியந்தோப்பில் இன்னும் தாத்தாக்கள் சொல்லக் கேட்கலாம். இந்த ஊரில் முதன்முதலில் 1923-ல் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கையுறை, கேரம் போர்டு, கானா பாடுகிறவர்கள் கையில் தட்டுகிற தீப்பெட்டி, அச்சுக்கூடத்து ஈய எழுத்து, வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளில் அளந்த இரும்பு கஜக்கோல், இதெல்லாம் யார் வீட்டுப் பரணிலாவது இப்போதும் இருக்கும். இன்னும் பத்து வருடம் போனால் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும், சொல்ல வேண்டிய பெரியவர்களும் இருக்க மாட்டார்கள். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. என் அம்மாவின் அப்பா பின்னி மில்லில் தறியில் வேலை பார்த்தவர். அவர் வாங்கி வைத்த காக்கித் துணி, அந்த மில்லில் நெய்தது, இரண்டு கெஜம் இருக்கும், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அடியில் கிடந்தது. 1996-ல் மில்லை மூடிய பிறகு அந்தத் துணியை வெட்டித் தைக்க அம்மாவுக்கு மனது வரவில்லை. கோட்டைக்குப் போய் வந்த மறுநாள் சின்னவன் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, வெளிச்சம் படக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, ஷூ டப்பாவிலும் மாத்திரை டப்பாவிலும் சேர்த்து வைத்திருந்த சிலிகா ஜெல் பொட்டலங்களை எல்லாம் துணியின் நான்கு மூலையிலும் வைத்து மூடினான். ஒரு அட்டையும் எழுதி வைத்திருக்கிறான்: "இது என் கொள்ளுத் தாத்தா மில்லில் நெய்த துணி. தறி சத்தத்தில் அவருக்கு ஒரு காது கேட்காது. மடிப்பில் கை வைத்துப் பார்க்கலாம், மெதுவாக." ராயபுரத்தில் ஒரு கூடம் திறந்தால் அந்தத் துணியை அட்டையோடு கொடுத்துவிட அம்மா சம்மதித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூண்டிக்குப் போகிறோம், மாநிலத் தொல்லியல் துறையின் கற்கால அகழ்வைப்பகம் அங்கே இருக்கிறது. வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறினால் திருவள்ளூர், அங்கிருந்து பஸ். அம்மாவும் வருகிறார், இந்த முறை மாமாவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.